ஆப்சென்ட் ஆனவர்கள் அனைவரும் தேர்ச்சி

என் வலைப்பூவுக்கு வந்த முதல் பின்னூட்டம் "சூப்பர் சார்". இரண்டாவது "நன்றி சார்". மூன்றாவது "சார் பாஸ்வேர்டு என்ன". நான் சார் இல்லை, டீச்சர். பக்கத்தின் உச்சியிலேயே கணித ஆசிரியை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். நான் அதில் ஏற்றியிருந்த ஃபைலுக்குப் பாஸ்வேர்டும் கிடையாது. அதையும் எழுதியிருந்தேன். ஆனால் அங்கே வந்தவர்கள் யாரும் படிக்க வரவில்லை. டவுன்லோட் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடி, அதை அமுக்கிவிட்டுப் போக வந்தவர்கள். பிள்ளைகளிடம் "வினாவை நன்றாகப் படித்துவிட்டு விடை எழுதுங்கள்" என்று தினமும் சொல்கிற ஆசிரியர் கூட்டம் இது.

காரிமங்கலத்திலிருந்து உள்ளே போகும் ஓர் ஊரில், அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு வகுப்பாசிரியை. ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் மேலேயிருந்து படிவங்கள் வரும். பாடவாரியாக எத்தனை பேர் தேர்ச்சி, ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஒரு பாடத்தில் தவறியவர், இரண்டில் தவறியவர். ஒரே எண்களை நெட்டுக்கும் குறுக்குக்கும் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். வாங்கி யாரும் பார்ப்பதில்லை. பார்க்காத ஒன்றுக்காக எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஏழெட்டுப் பேர் பென்சிலும் நீளமான தாளுமாகக் குனிந்து உட்கார்ந்து, கூட்டி, தப்பாகி, அழித்து, மறுபடி கூட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

ஒரு மே மாத விடுமுறையில் எக்ஸெலில் ஒரு ஃபைல் செய்தேன். முதல் தாளில் பெயரும் மதிப்பெண்ணும் போட்டால் போதும். மற்ற எல்லாத் தாள்களும் தானாக நிரம்பும். தேர்ச்சிப் பட்டியல், தவறியவர் பட்டியல், தரவரிசை, பாடவாரி எண்ணிக்கை எல்லாம். சரியாக வருகிறதா என்று பார்க்க மாதிரி மாணவர்கள் வேண்டியிருந்தது. நிஜப் பிள்ளைகளின் பெயரைப் போட மனம் வரவில்லை. அதனால் கத்தரி, வெண்டை, முருங்கை, பீர்க்கன், அவரை என்று காய்கறிப் பெயர்களைப் போட்டேன். முருங்கைக்கு ஐந்து பாடத்திலும் நல்ல மார்க். வெண்டை கணக்கில் மோசம்.

அதை வலைப்பூவில் ஏற்றினேன். எப்படிப் பயன்படுத்துவது என்று எட்டுப் பத்தி எழுதினேன். அதில் முதல் வரியே, "மாதிரிப் பெயர்களை நீக்கிவிட்டு உங்கள் மாணவர் பெயர்களை இடவும்." ஒருவர் கேட்டார்: "சார் எங்க ஸ்கூல் லிஸ்ட்ல வெண்டைன்னு ஒரு பையன் வர்றான், அவன் யாரு?" வேறொரு பள்ளி காய்கறிகளையும் சேர்த்தே கல்வி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அலுவலகமும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டதாம். நம்ப எனக்குச் சிரமமே இல்லை.

அடுத்த ஆண்டு காலாண்டுத் தேர்வு நேரத்தில் என் ஃபைல் வாட்ஸப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்தது. என்னுடைய பெயரில் இல்லை. பக்கத்து ஒன்றியத்தில் ஓர் ஆசிரியர் கல்வித் தகவல் வலைப்பூ ஒன்று நடத்துகிறார். நாளைக்கு விடுமுறையா என்று மழைக்காலத்தில் எல்லோரும் போய்ப் பார்க்கும் பக்கம். மின்னுகிற விளம்பரங்களுக்கு நடுவே மூன்று டவுன்லோட் பொத்தான்கள் இருக்கும். இரண்டு பொய். மூன்றாவதை அமுக்கினால் என் ஃபைல். முதல் தாளில் கோட்டுப் போட்டுக் கைகட்டி நிற்கும் அவர் படம், பெயருக்குப் பின்னால் நான்கு பட்டங்கள், கீழே கைபேசி எண். உள்ளே உள்ள சூத்திரங்களை யாரும் தொட முடியாதபடி பூட்டுப் போட்டிருந்தார். நான் திறந்து வைத்ததை எடுத்துப் பூட்டி, பூட்டின் மேல் தன் பெயரை எழுதிக்கொண்ட மனிதர். காய்கறிகளைக்கூட மாற்றவில்லை. திருட்டிலும் ஒரு சோம்பல்.

எங்கள் தலைமையாசிரியர் அந்த ஃபைலைத்தான் எனக்கே அனுப்பி, "மேடம், அந்த சார் பிரமாதமா பண்ணியிருக்கார். நீங்க பண்ணதவிட கலரா இருக்கு" என்றார். கலர் அவர் சேர்த்ததுதான். அதை நான் மறுக்க முடியாது.

தலைமையாசிரியருக்கு அந்த ஃபைல் பிடித்ததற்கு வேறு காரணமும் இருந்தது. கையால் கூட்டிய காலத்தைவிடத் தேர்ச்சி சதவீதம் கொஞ்சம் ஏறியிருந்தது. ஏன் ஏறியது என்று அவர் கேட்கவில்லை. நல்ல எண் வந்தால் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவதுதான் அவர் நிர்வாகம். நானும் கேட்கவில்லை. பிள்ளைகள் நன்றாகப் படித்திருக்கிறார்கள், அதிலும் கணக்கில், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றவர்களை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் என்னை மட்டும் நான் அப்படிப் பார்க்கவில்லை.

கேட்டவர் எங்கள் உடற்கல்வி ஆசிரியர். அவருக்குக் கணினியை எந்தப் பக்கம் திறப்பது என்றே தெரியாது. மெயில் அனுப்ப வேண்டுமென்றால்கூட என்னிடம் வருவார். காலாண்டு முடிவு ஒட்டிய மறுநாள் விசிலைக் கையில் சுழற்றிக்கொண்டே வந்தார்.

"டீச்சர், உங்க ஒன்பது பி-ல உயரமா ஒரு புள்ள, எறிபந்து ஆடுமே, அது வரலைன்னுதான சொன்னீங்க?"

"ஆமா சார். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"பரீட்சைக்கு?"

"அதுக்கும் வரல."

"அப்புறம் போர்டுல பாஸுன்னு ஒட்டியிருக்கீங்களே."

நான் சிரித்தேன். அவர் வேறு பெயரைப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். அவள் பெயர்தான். எதிரே தேர்ச்சி. பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் மார்க் போடாமல் தேர்ச்சி, தோல்வி மட்டும் ஒட்டுவது எங்கள் வழக்கம். அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

கம்ப்யூட்டர் அறைக்குப் போய் ஃபைலைத் திறந்தேன். அவள் பெயருக்கு நேரே ஐந்து பாடத்திலும் ஏபி, ஏபி, ஏபி. ஆப்சென்ட் என்பதற்கு நாங்கள் போடும் இரண்டு எழுத்து. கூட்டுத்தொகை பூஜ்யம். முடிவு: தேர்ச்சி. தவறியவர் பட்டியலில் அவள் இல்லை.

தப்பு என்னுடையதுதான். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் தோல்வி, இல்லாவிட்டால் தேர்ச்சி என்று சூத்திரம் எழுதியிருந்தேன். ஏபி என்பது எண்ணே இல்லை. எண்ணாக இல்லாததை முப்பத்தைந்துக்குக் கீழே என்று எக்ஸெல் ஒத்துக்கொள்ளாது. எழுத்து எதுவானாலும் எண்ணைவிடப் பெரிது என்று எடுத்துக்கொள்ளும். எனவே பரீட்சைக்கு வராத ஒவ்வொரு பிள்ளையும் பாஸ். கத்தரியும் வெண்டையும் ஒருநாளும் ஆப்சென்ட் ஆகவில்லை. அதனால் அந்த மே மாதத்தில் நான் இதைப் பார்க்கவில்லை. சதவீதம் ஏறியதன் ரகசியமும் இதுதான்.

ஒவ்வொரு தேர்வுக்கும் பிறகு தவறியவர் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு ஃபோன் செய்வது என் பழக்கம். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இந்த முறையும் செய்தேன். அவள் வீட்டுக்குச் செய்யவில்லை, அவள்தான் பட்டியலில் இல்லையே. அந்த ஐந்து ஏபியையும் அடித்தது என் விரல்தான். தினமும் காலையில் வருகைப் பதிவில் அவளுக்கு ஆப்சென்ட் போட்டதும் என் விரல்தான். விரல் போட்டது, நான் போடவில்லை. பின்னூட்டம் போட்டவர்களைப் பற்றி அவ்வளவு ஏளனமாகப் பேசினேனே, அவர்கள் என் எட்டுப் பத்தியைப் படிக்கவில்லை என்று. நான் என் வகுப்பையே படிக்கவில்லை.

அன்று சாயங்காலம் உடற்கல்வி ஆசிரியரின் வண்டியில் அவள் ஊருக்குப் போனோம். பள்ளியிலிருந்து நாலு கிலோமீட்டர். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"அவங்க வூட்ல எல்லாருமே பெங்களூரு போயிட்டாங்க டீச்சர். கட்டட வேலைக்கு. விநாயகர் சதுர்த்தி முடிஞ்சதுமே போயிட்டாங்க. ஸ்கூல்ல சொல்லலீங்களா?"

"எங்களுக்குத் தெரியாதுங்க."

"இத்தன நாளா?" என்றார் அந்தம்மா. குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். உள்ளே போய் ஒரு காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருந்த புது நம்பரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அங்கேயே நின்று ஃபோன் செய்தேன். அவள் அப்பா எடுத்தார். பின்னால் கான்கிரீட் கலக்கும் சத்தம்.

"ஏங்க, பொண்ணை இப்படி நடுவுல கூட்டிட்டுப் போலாமா?"

"சின்னவனைப் பாத்துக்க ஆளு இல்லீங்க டீச்சர். ஒரு மாசத்துல கொண்டாந்து வுட்டுடலாம்னுதான் இருந்தோம். ஸ்கூல்லயிருந்து கேட்டாங்கன்னா உடனே போயிடறேன்னு பொண்ணும் சொல்லிட்டே இருந்துச்சு. யாரும் கேக்கலீங்க. சரி, பேரை எடுத்துட்டாங்க போலன்னு நெனச்சிட்டோம்."

அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

"டீச்சர்! காலாண்டு பேப்பர் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"எனக்கு என்ன டீச்சர் போட்டாங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "பாஸ்னு வந்துடுச்சு. கம்ப்யூட்டர்ல தப்பு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "எழுதாமயே பாஸா டீச்சர்? அப்ப நான் இங்கயே இருந்துக்கலாமே?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். திரும்பும்போது வண்டி ரோட்டுக்கு வந்ததும் உடற்கல்வி ஆசிரியர், "விடுதியில இடம் கேட்டுப் பாக்கலாம் டீச்சர். நான் வார்டன்கிட்ட பேசறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஃபைலைத் திருத்தினேன். பத்து நிமிட வேலை. அவ்வளவுதான் என்பதே அசிங்கமாக இருந்தது. வலைப்பூவில் பழையதை நீக்கிப் புதியதை ஏற்றினேன். "பழைய ஃபைலில் பிழை உள்ளது. தேர்வுக்கு வராதவர்களைத் தேர்ச்சி என்று காட்டும். அழித்துவிடுங்கள். பிழை என்னுடையது, மன்னிக்கவும்" என்று சிவப்பு எழுத்தில் எழுதினேன். கோட்டுப் போட்டவருக்கும் செய்தி அனுப்பினேன். அவர் ஒரு கைகூப்பும் பொம்மையைத் திருப்பி அனுப்பினார்.

இரண்டு நாளில் பின்னூட்டங்கள் வந்தன.

"சார் புது ஃபைல்ல தேர்ச்சி சதவீதம் கம்மியா வருது. எர்ரர் இருக்கு. செக் பண்ணவும்."

"பழைய லிங்க் ப்ளீஸ் சார்."

"பழைய வெர்ஷனே நல்லா இருந்தது சார். ஏன் மாத்தறீங்க?"

படிக்கத் தெரியாதவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. இந்த முறை நன்றாகவே படித்திருந்தார்கள். புரிந்துகொண்டுதான் பழையதைக் கேட்டார்கள்.

அந்த வாரமே காரிமங்கலத்தில் ஒரு பயிற்சிக் கூட்டம். தேர்வு முடிவுகளைக் கணினியில் தொகுப்பது எப்படி என்று ஒரு முழுநாள். சந்தை நாள் வேறு. பஸ்ஸில் கோழிக்கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு போனேன். பயிற்சி கொடுக்கும் கருத்தாளர் யாரென்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. கோட்டு இல்லை, கைகட்டலும் இல்லை. படத்தில் இருந்ததைவிடக் குள்ளம். திரையில் என் ஃபைலைத் திறந்து வைத்து, "இது நான் மூணு மாசம் உழைச்சு உருவாக்குனது" என்று தொடங்கினார். திரையில் கத்தரி, வெண்டை, முருங்கை எல்லாம் வரிசையாக நின்றார்கள். யாரோ அது என்ன பெயர் என்று கேட்டதற்கு, "ஒரு ஜாலிக்காகப் போட்டேன்" என்றார்.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இவர்மேல் கோபப்படுவதுகூட இவருக்குக் கொடுக்கும் மரியாதை என்று தோன்றியது. எழுந்து நின்றேன்.

"சார், ஆப்சென்ட் ஆன பையனுக்கு என்ன போடணும்?"

"ஏபின்னு போடுங்க மேடம். மீதியை அது பாத்துக்கும்."

"முருங்கைக்குப் போட்டுக் காட்டுங்களேன்."

போட்டார். ஐந்து பாடத்துக்கும் ஏபி. முடிவுக் கட்டத்தில் பச்சையாகத் தேர்ச்சி என்று நின்றது. பின் வரிசையில் சிரித்தார்கள். அவர் மவுஸை இரண்டு முறை அமுக்கினார்.

"அது... லோடிங் ஆகுது மேடம்."

"லோடிங் இல்ல சார். சூத்திரத்துல தப்பு. பூட்டைத் திறங்க, நான் காட்டறேன்."

ஒரு பாஸ்வேர்டு அடித்தார். திறக்கவில்லை. இன்னொன்று அடித்தார். அதுவும் இல்லை. தான் போட்ட பூட்டின் சாவியே அவரிடம் இல்லை. முன்வரிசையில் இருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார்.

"மேடம், டெக்னிக்கலா இருக்கறத தனியா பேசிக்கங்க. டீ வந்துடுச்சு."

"தனியா பேசற விஷயம் இல்லீங்க. ஸ்கூலுக்கே வராத பிள்ளைங்க பேரு இதனால மறைஞ்சு போகுது. என் வகுப்புல ஒரு பொண்ணு மறைஞ்சுட்டா."

"உங்க வகுப்பு பொண்ணு வரலைன்னா நீங்கதான பாக்கணும்?" என்றார்.

அந்த அறையில் அன்று பேசப்பட்டதில் சரியான வாக்கியம் அது ஒன்றுதான். அதை அவர் தப்பிப்பதற்காகச் சொன்னார் என்பது வேறு. நான் உட்கார்ந்துவிட்டேன்.

டீ நேரத்தில் கருத்தாளர் தானாகவே என்னிடம் வந்தார். வடையைக் கடித்துக்கொண்டே, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நெட்ல இருந்துச்சு. நெட்ல இருக்கறது எல்லாருக்கும் பொதுதானுங்களே?" என்றார்.

"பொதுதாங்க. அப்ப உங்க போட்டோ எதுக்கு?"

அவர் வடையை மென்று முடித்து, "ஒரு மதிப்புக்குத்தான்" என்றார். வெட்கப்படவே இல்லை.

அவர் நகர்ந்ததும் வேறொரு பள்ளி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு எக்ஸெல் நல்லா தெரியும்போலங்க. எங்க ஸ்கூலுக்கு ஒண்ணு பண்ணிக் குடுங்களேன். அந்த ஆப்சென்ட் பாஸ் வருதே, அதை மட்டும் மாத்திடாதீங்க. எங்க ஹெச்.எம். திட்டுவாரு."

எங்கள் ஹெச்.எம்.மும் அதைத்தான் சொன்னார், கொஞ்சம் சுற்றி வளைத்து. திருத்திய பட்டியலை அவர் மேஜையில் வைத்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏற்கெனவே அனுப்பியாச்சு மேடம். இப்ப மாத்தினா நாம தப்பா அனுப்பினதா ஆகிடும்" என்றார்.

"தப்பாத்தான சார் அனுப்பியிருக்கோம்?"

"அது சிஸ்டம் பண்ண தப்பு."

"சிஸ்டம் நான்தான் சார். நான்தான் பண்ணேன்."

அவருக்கு இது பிடிக்கவில்லை. ஒருவர் தன் தப்பை ஒத்துக்கொள்வது அலுவலகத்தில் ஒரு கெட்ட பழக்கம். மற்றவர்களுக்கும் தொற்றிவிடும். பட்டியலை இழுப்பறைக்குள் வைத்தார். அது இன்னும் அங்கேயே இருக்கலாம். அரையாண்டுக்கு என் வகுப்புக்கு நான் திருத்திய ஃபைலும், மற்ற வகுப்புகளுக்குக் கோட்டுக்காரரின் ஃபைலும் என்று ஆயிற்று. பள்ளியிலேயே என் வகுப்புதான் சதவீதத்தில் கடைசி. ஆசிரியர் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டினார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் தீபாவளி முடிந்து வந்தாள். உடற்கல்வி ஆசிரியர் மூன்று முறை நடந்து விடுதியில் இடம் வாங்கியிருந்தார். தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மா தன் வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டாராம். இதற்கெல்லாம் படிவம் எதுவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. அப்பாதான் கொண்டுவந்து விட்டார். சட்டையில் இன்னும் சிமென்ட் இருந்தது. வகுப்பு வாசலில் நின்று, "அடிச்சாவது படிக்க வைங்க டீச்சர்" என்றார். "அடிக்க மாட்டோங்க, ஆனா வரலைன்னா ஃபோன் பண்ணுவேன்" என்றேன். அவள் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லி உடனே சிரித்தாள். இரண்டு மாதப் பாடம் போயிருந்தது. மதிய இடைவேளையில் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பாதி நாள் வருவாள், பாதி நாள் கிரவுண்டுக்கு ஓடிவிடுவாள்.

அரையாண்டில் மற்ற நாலு பாடத்திலும் தப்பித்துவிட்டாள். கணக்கில் இருபத்தொன்பது. தவறியவர் பட்டியலில் அவள் பெயர் வந்தது. வழக்கம்போல ஃபோன் செய்ய உட்கார்ந்தேன். முதலில் அவள் வீட்டுக்கு.

"சொல்லுங்க டீச்சர்."

"பொண்ணு கணக்குல ஃபெயிலுங்க. இருபத்தொன்பதுதான் வாங்கியிருக்கா."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எழுதியிருக்கால்லீங்க?" என்றார்.

"எழுதியிருக்காங்க" என்றேன். "அஞ்சு பாடமும் எழுதியிருக்கா."